ஏழாம் லைனின் முழுப் புள்ளி

கம்பனி பஸ் நெடுங்கேணிச் சந்தியில் வந்து நின்றதும் தர்மிளா முதல் ஆளாக ஏறி, முன் இருக்கையில் அமர்ந்து மடியை விரிப்பாள். பின்னால் ஏறுகிற பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தங்கள் போனை அந்த மடியில் போட்டுவிட்டுப் போய்க் கண்ணை மூடிக்கொள்ளுவார்கள். பஸ் புளியங்குளம் வந்து ஏ9 வீதியில் திரும்புவதற்குள் மடி நிறைந்துவிடும். கனகராயன்குளத்துக்கு இப்பால் இருக்கிற ஆடைத் தொழிற்சாலையின் கேற்றடியில் இறங்கும்போது அத்தனை பேருடைய அன்றைய பாடமும் முடிந்திருக்கும். படித்தது ஒருத்தி, பாஸ் பண்ணியது ஏழாம் தையல் லைன் முழுவதும்.

இந்தப் போன் பாடம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னர் புதிதாக வேலைக்கு வருகிறவர்களைப் பயிற்சி லைன் என்று ஒரு மூலையில் தனியாக இருத்தி, ஊசிக்கு நூல் கோர்ப்பதிலிருந்து தீயணைக்கும் குழாயைத் தூக்கிப் பிடிப்பது வரைக்கும் பக்கத்தில் ஆள் நின்று பழக்குவார்கள். இப்போது உலகத்தில் பெரிய கம்பனிகள் எதுவும் அப்படிச் செய்வதில்லையாம். கொழும்பிலுள்ள தலைமை அலுவலகம் அப்படித்தான் சொன்னது. ஐந்து நிமிட வீடியோ, பிறகு சில கேள்விகள், சரியான விடையில் விரலை வைத்தால் பச்சை நட்சத்திரம். வகுப்பறை வேண்டாம், வேலை நேரம் வீணாகாது, நாலைந்து பயிற்றுநர்களை வைத்துச் சம்பளம் கொடுக்கவும் வேண்டாம். நல்ல யோசனைதான், யார் இல்லையென்றது? குளிரூட்டிய அறையில் இருந்து யோசித்தவர்களுக்கு ஏழாம் லைன் பெண்களைத் தெரியாது. அது ஒன்றுதான் குறை.

தொழிற்சாலை வாசலில் ஒரு பெரிய ரீவி மாட்டியிருந்தார்கள். எந்த லைன் எவ்வளவு பாடம் முடித்தது என்று அதில் நாள் முழுக்க ஓடும். முழுப் புள்ளி எடுத்த லைனுக்கு மாதக் கடைசியில் கேக் வெட்டிக் கைதட்டுவார்கள். வந்த கேக்குகளில் பாதிக்கு மேல் ஏழாம் லைனுக்குத்தான் வந்தது.

தர்மிளாவுக்கு இது களவு என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. உயர்தரப் பரீட்சை எழுத வேண்டிய வயதில், போர் முடிந்த கையோடு, அவள் செட்டிகுளத்து அகதி முகாமுக்குள் கிடந்தாள். அவளுடைய கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று தெரிந்ததும் கூடாரவாசலில் ஆட்கள் வந்து குந்தத் தொடங்கினார்கள். பதிவுக்கு ஒரு விண்ணப்பம், காணாமற் போனவருக்கு ஒரு விண்ணப்பம், மருந்துக்கு ஒரு விண்ணப்பம் என்று விடிந்தால் பொழுதுபட்டால் எழுத்துத்தான். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது அவளுடைய வாளியையும் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் வரிசையில் நின்றவள் பக்கத்துக் கூடாரத்துக் கமலாசனி. ஒருத்திக்கு எழுதத் தெரிந்தால் எல்லாருக்கும் தெரிந்த மாதிரி, ஒருத்தி வரிசையில் நின்றால் எல்லாரும் நின்ற மாதிரி. அந்தப் பழக்கத்தில்தான் அந்தச் சனம் உயிரோடு வெளியே வந்தது. பிறகு ஊருக்குத் திரும்பினாலும் பழக்கம் திரும்பிப் போகவில்லை.

அந்தக் கமலாசனிதான் இன்றைக்கு ஏழாம் லைனில் அவளுக்கு அடுத்த மெசினில் இருக்கிறாள். வயது நாற்பத்தாறு. புருஷன் ஒரு காலை இழந்தவர். வீட்டில் உழைப்பு இவளுடையது மட்டுமே. இந்த வயதில் வேறு எந்த கார்மென்ற்சும் அவளைப் புதிதாக எடுக்காது. அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

“தர்மி, என்ர போனையும் ஒருக்காப் பாரம்மா. எனக்கு உந்தக் கோதாரி விளங்காது,” என்பாள் காலையில்.

“வையுங்கோ கமலாக்கா. நீங்கள் நித்திரை கொள்ளுங்கோ.”

லைனில் ஒரேயொருத்திதான் போனைத் தராதவள். தண்ணீரூற்றிலிருந்து விடியமுன் பஸ் பிடித்து வருகிற றிம்ஸியா. “நானே பாக்கிறன் அக்கா, பிழைச்சாப் பிழைக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் இருந்து பார்த்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்ப்பாள். மூன்று தரம் பிழைத்து நாலாம் தரம்தான் அவளுக்குப் பச்சை நட்சத்திரம் விழும். அவளால்தான் ஏழாம் லைனின் கேக் ஒவ்வொரு மாதமும் கடைசி நாள்வரை இழுபடும். “எங்கட மொக்குக்குட்டி,” என்று லைனே சேர்ந்து அவளைப் பகிடி பண்ணும். தர்மிளாவும் சிரித்திருக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை நிரோஜன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நிரோஜன் பயிற்சிக்கும் ஆட்களுக்கும் பொறுப்பான முகாமையாளர், வவுனியா நகரத்துக்காரர், தர்மிளாவைவிட வயதில் குறைந்தவர். கெட்ட மனிதர் இல்லை. கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தால் மட்டும் முகம் வெளிறிப் போகும்.

“அக்கா, இருங்கோ. ஒரு நல்ல சேதி,” என்றார். “தலைமை அலுவலகம் இஞ்ச ஒரேயொரு பயிற்றுநர் பதவியை வைச்சிருக்கப் போகுது. ஏழாம் லைன்ர புள்ளியைப் பாத்திட்டு உங்களைத்தான் கேக்கினம். திங்கக்கிழமை யதுர்ஷிகா மிஸ் கொழும்பிலயிருந்து வாறா. அவாவே அறிவிப்பா.”

தர்மிளாவுக்குக் கால் நிலத்தில் இல்லை. பதினெட்டு வயதில் கைவிட்டுப் போன கனவு அது. ரீச்சராக வரவேண்டும் என்று அவள் நினைத்ததை வீட்டில்கூட எல்லாரும் மறந்துவிட்டார்கள். இனி அவள் மெசினில் குனிந்திருக்க வேண்டியதில்லை. நாலு பேர் முன்னால் நின்று பேசுவாள், அவர்கள் அவளை மிஸ் என்பார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் அம்மா என்ன வேலை என்று கேட்டால் தலை நிமிர்ந்து சொல்லுவாள். அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

“இன்னுமொண்டு,” என்றார் நிரோஜன், கணினியைப் பார்த்தபடி. “கறை எடுக்கிற அறைக்கு ஒரு ஆள் வேணும். கமலாசனியக்காவின்ர இரசாயனப் பாடம் முழுப் புள்ளி. அவாவைத் திங்கக்கிழமை அங்க மாத்திறன். அவாவுக்கும் முதுகுநோ குறையும்.”

துணியில் மெசின் எண்ணெய் பட்டால் அதை எடுக்கிறதற்கென்று சின்ன அறை ஒன்று கூடத்தின் ஓரத்தில் இருக்கிறது. உள்ளே துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் கரைசலைப் பீய்ச்சுவார்கள். மூச்சோடு உள்ளே போனால் ஆளைச் சரிக்கிற கரைசல். அதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது, அந்தப் பாடத்தைக் கமலாசனி கண்ணாலும் கண்டதில்லை. அது தர்மிளாவுக்குத் தெரியும். அந்த நிமிடமே வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் பதவி போய்விடும், லைனின் மானமும் போய்விடும். திங்கள் காலை பஸ்ஸில் கமலாக்காவுக்கு ஒருக்காச் சொல்லிக் கொடுத்தால் முடிந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

“நல்லது சேர்,” என்றாள். அவ்வளவுதான் வந்தது.

திங்கள் காலை கமலாசனி தலைக்கு எண்ணெய் வைத்து, கழுவிய கவுனோடு ஏறினாள். புது இடத்துக்குப் போகிறவளின் சந்தோசம் முகத்தில் தெரிந்தது. தர்மிளா வாயெடுப்பதற்குள் போன்கள் மடியில் விழத் தொடங்கின. தலைமை அலுவலகத்து மிஸ் வருகிறாள் என்று அன்றைக்கு எல்லாருக்கும் கூடுதலாக ஒரு பாடம் வந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். கமலாசனி பின் இருக்கையில் வாயைப் பிளந்து நித்திரை. புளியங்குளத்தில் சொல்லுவோம் என்று நினைத்தாள். புளியங்குளம் போனது. இறங்கும்போது சொல்லுவோம் என்று நினைத்தாள். இறங்கும்போது நிரோஜன் கேற்றடியில் நின்று, “கெதியா, கெதியா, மிஸ் வந்திட்டா!” என்று எல்லாரையும் உள்ளே தள்ளினார். கமலாசனி கூட்டத்தோடு போய்விட்டாள்.

தர்மிளா மெசினில் இருந்தாள், தையல் ஓடவில்லை. அவள் இருந்த இடத்திலிருந்து கறை அறையின் கண்ணாடிச் சதுரம் தெரியும். கமலாசனி உள்ளே நிற்பதும், கையை அசைத்து இவளுக்குச் சிரித்துக் காட்டுவதும் தெரிந்தது. முகத்தில் கொரோனாக் காலத்துத் துணி முகக்கவசம் கட்டியிருந்தாள். துணி முகக்கவசம் கூடாது என்று பாடத்தில் ஒரு இடம் வரும். எந்த இடம்? தேநீர் வேளைக்கு ஓடிப்போய்ச் சொல்லலாம். அதுவரைக்கும் ஒன்றும் ஆகாது. எத்தனை பேர் அந்த அறையில் வேலை செய்தவர்கள், யாருக்கு என்ன ஆனது? இப்படியே தன்னைத் தானே ஆற்றிக்கொண்டு மூன்று சேட்டுக் கொலரைப் பிழையாகத் தைத்தாள்.

கொழும்பு மிஸ் யதுர்ஷிகா முதலாம் லைனிலிருந்து ஒவ்வொருத்தராகக் கதைத்துக்கொண்டு வந்தாள். சிரித்த முகம், கையில் ரப் கணினி. அவள் ஐந்தாம் லைனுக்கு வந்தபோது தர்மிளா தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தாள். கமலாசனியைக் காணவில்லை. எட்டிப் பார்த்தாள். கமலாசனி மேசையில் தலையைச் சாய்த்திருந்தாள்.

கதிரை விழ எழும்பி ஓடினாள். கதவை இழுத்துத் திறந்ததும் இனிப்பும் எரிவும் கலந்த ஒரு மணம் முகத்தில் அடித்தது. கமலாசனியின் கை தொங்கிக்கொண்டிருந்தது, கருவி அந்தக் கையிலிருந்து விழுந்து நிலத்தில் கரைசல் ஒழுகியது. தர்மிளா வாசலில் நின்றாள். ஏழாம் லைனில் றிம்ஸியா ஒருத்தியைத் தவிர மற்ற எல்லாருக்காகவும் அவள் அந்தப் பாடத்தைப் பாஸ் பண்ணியிருக்கிறாள். ஆனால் அவளுக்கு நினைவில் வந்தது இதுதான்: முதல் கேள்விக்கு மூன்றாவது விடை. அடுத்ததுக்கு முதலாவது. பிறகு நாலாவது. மூன்றாவதில் என்ன எழுதியிருந்தது? நாலாவது என்ன? ஒன்றும் வரவில்லை. விரலுக்குத் தெரிந்தது தலைக்குத் தெரியவில்லை. பின்னால் ஏழாம் லைன் முழுக்க வந்து குவிந்துவிட்டது.

“என்ன செய்யிறது தர்மி? சொல்லன்! நீதானே படிச்சனி!” என்று ஒருத்தி கத்தினாள்.

அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு கை கதவுக்கு வெளியே சுவரிலிருந்த சுவிச்சை அடித்தது. உள்ளே பெரிய மின்விசிறி இரைந்து சுழன்றது.

“ஒருத்தரும் உள்ளுக்குப் போகாதேங்கோ! கதவை அகலப் பிடியுங்கோ!” றிம்ஸியா. ஆணியில் தொங்கிய றப்பர் முகமூடியை எடுத்து இறுக்கிக்கொண்டு அவள் உள்ளே பாய்ந்தாள். கமலாசனியின் கமக்கட்டுக்குள் கை கொடுத்து இழுத்தாள். வாசலுக்கு வந்ததும் தர்மிளா காலைப் பிடித்தாள். இரண்டு பேருமாகத் தூக்கி வெளியே வேப்பமர நிழலில் கிடத்தி, நனைந்திருந்த சட்டையைத் தளர்த்தி, பக்கமாகத் திருப்பினார்கள். கமலாசனியின் உதடு நிறம் மாறிக் கிடந்தது. மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நின்ற அந்த நேரம் தர்மிளாவின் வாழ்க்கையில் முகாமில் கழிந்த நாட்களைவிட நீண்டது. கமலாக்கா செத்தால் நான் கொன்றது. அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

கமலாசனி இருமினாள். இருமி, வாந்தி எடுத்து, கண்ணைத் திறந்தாள். அம்புலன்ஸ் வவுனியாவுக்குக் கொண்டுபோனது.

அவள் பிழைத்துவிட்டாள். ஆனால் கதை அதோடு முடிந்திருந்தால் நான் ஏன் இதைச் சொல்லப் போகிறேன்?

கமலாசனி ஆஸ்பத்திரியால் வந்த பிறகு விசாரணை வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நிரோஜனும் யதுர்ஷிகாவும். இந்தப் பக்கம் கமலாசனி, உடம்பு இன்னும் தேறாமல் கதிரை விளிம்பில். நடந்ததைப் பார்த்தவர்கள் என்று தர்மிளாவையும் றிம்ஸியாவையும் சுவரோரம் நிற்க வைத்தார்கள்.

நிரோஜன் தொண்டையைச் செருமினார். “கமலாசனியக்கா, நீங்கள் இரசாயனப் பாடம் முடிச்சு முழுப் புள்ளி எடுத்தனீங்கள். அதில மின்விசிறியைப் போடோணும், றப்பர் முகமூடி போடோணும் எண்டு தெளிவாக் கிடக்கு. தெரிஞ்சுகொண்டே விதியை மீறினது எண்டால் வேலையால நிப்பாட்டுறதுதான் சட்டம்.”

தர்மிளாவுக்கு அப்போதுதான் முழுதும் விளங்கியது. அவள் இரக்கப்பட்டு எடுத்துக் கொடுத்த அந்தப் பச்சை நட்சத்திரம் இப்போது கமலாக்காவின் கழுத்தில் கயிறு. படிப்பிக்க வேண்டிய கம்பனி படிப்பித்துவிட்டதாகக் கையைக் கழுவுகிறது. பிழை முழுக்க, மூச்சுத் திணறிச் சாகக் கிடந்தவளுடையது. இதற்குத்தான் நூறு புள்ளி!

யதுர்ஷிகா மெதுவாகக் கேட்டாள். “கமலாசனி அக்கா, பயப்படாம சொல்லுங்க. அந்தப் பாடத்தை நீங்கதான் செஞ்சீங்களா?”

கமலாசனி சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. “ஓம் மிஸ். நான்தான் படிச்சனான். நான்தான் மறந்துபோனன். என்ர பிழைதான்.”

தண்ணீர் வரிசையில் தன் வாளிக்கு முன்னால் இவளுடைய வாளியை வைத்தவள் அல்லவா, வேறு எப்படிச் சொல்லுவாள்? தர்மிளாவின் பதவி அறிவிப்புக் கடிதம் யதுர்ஷிகாவின் ரப்புக்குக் கீழே கிடந்தது. பேசாமல் நின்றால் அது அவளுடையது. நிரோஜன் அவளைப் பார்த்தார். ஒருநாள் பஸ்ஸில் அவர் வந்தபோது மடியில் குவிந்த போன்களைக் கண்டு, “ஏழாம் லைன் கெட்டித்தனம்தான்,” என்று சிரித்துவிட்டுப் போனவர் அவர். இப்போது அந்தக் கண் கெஞ்சியது. றிம்ஸியா நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“பொய்,” என்றாள் தர்மிளா. “மிஸ், அவா சொல்லுறது பொய். அந்தச் சுவிச் எங்க கிடக்கெண்டே அவாவுக்குத் தெரியாது. அந்தப் புள்ளி என்ரை. லைன் முழுக்க நான்தான் செய்து குடுத்தனான்.”

“தர்மி, வாயை மூடு!” என்று கமலாசனி கதிரையிலிருந்து எழும்பினாள்.

“நீங்கள் இருங்கோ அக்கா. நீங்கள் செத்திருப்பியள். எனக்குத் தெரிஞ்சிருந்தும் நான் சொல்லேல்ல. பஸ்ஸில சொல்லுவம், இறங்கேக்க சொல்லுவம் எண்டு...” சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“யாரும் இதை முதல்ல கவனிக்கலையா?” என்று யதுர்ஷிகா பொதுவாகக் கேட்டாள். தர்மிளா நிரோஜனின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவர் குனிந்துகொண்டார்.

கமலாசனியின் வேலை போகவில்லை. தர்மிளாவுக்குக் கடைசி எச்சரிக்கை கொடுத்து, மெசினிலிருந்து எடுத்து நூல் வெட்டுகிற மேசையில் இருத்தினார்கள். பயிற்றுநர் பதவிக்கு யாரை எடுப்பது என்று இன்னும் யோசிக்கிறார்களாம். றிம்ஸியாவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை, பிழைத்த தரங்களையும் கணக்கெடுத்தால் அவளுடைய புள்ளி போதாது. ஏழாம் லைனின் நட்சத்திரங்கள் அத்தனையும் அழிக்கப்பட்டன. இரசாயனப் பாடத்திலிருந்து ஒவ்வொருத்தரும் தங்கள் கையால் திரும்பத் தொடங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மேற்பார்வைக்கு ஆள் வைத்து, சாப்பாட்டுக் கூடத்தில் இருத்திப் போனில் விடை போட வைத்தார்கள். வாசல் ரீவியில் ஏழாம் லைன் எல்லாருக்கும் கீழே போனது.

அப்படித் திரும்பத் தொடங்கிய அன்று மாலை பஸ்ஸில் தர்மிளா வழமைபோல முன் இருக்கையில் இருந்தாள். மடி வெறுமையாகக் கிடந்தது. ஏறியவர்கள் ஒருத்தரும் அவளோடு கதைக்கவில்லை. “தன்ர வாயால லைனையே கெடுத்தவ,” என்று பின்னால் ஒரு குரல், காதில் விழவேண்டும் என்றே சொன்னது. அவளுக்கு அது வலித்தது. நியாயம்தான் என்றும் பட்டது.

கடைசியாகக் கமலாசனி ஏறினாள். பின்னுக்குப் போகாமல் தர்மிளாவின் பக்கத்தில் வந்து தொப்பென்று இருந்தாள். புளியங்குளத்தில் பஸ் திரும்பியபோது கமலாசனி பையிலிருந்து போனை எடுத்தாள். தர்மிளா பழக்கதோசத்தில் கையை நீட்டினாள். கமலாசனி போனைக் கொடுக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“நாப்பது,” என்றாள்.

“என்னக்கா?”

“எனக்கு நாப்பதாம். பெயில். நாளைக்குத் திரும்ப வரட்டாம்.” பிறகு போனைத் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே ஒரு பச்சை அடையாளம் இருந்தது. “ஆனா இதுக்குச் சரி போட்டனான், பார். சுவிச் கதவுக்கு வெளியில.”